எந்த அம்மிணி?

எங்க ஊர்ப் பக்கம் வந்து நடு ரோட்டுல நின்னு "அம்மிணி"ன்னு ஒரு சத்தம் போட்டுப் பாருங்க. கெணத்தடியில தண்ணி சேந்தறவ திரும்புவா, கட்டுத்தரையில சாணி அள்ளறவ திரும்புவா, பள்ளிக்கூடம் போற பொடுசு திரும்பும், ரெண்டு பெத்தவளும் திரும்புவா. பெத்தவ மகளைக் கூப்பிடறதும் அம்மிணி, அண்ணன் தங்கச்சியைக் கூப்பிடறதும் அம்மிணி, கண்ணாலம் ஆகிக் கொஞ்ச நாள் போனா கட்டுனவன் கூப்பிடறதும் அதேதான். கண்ணு, தங்கம்னு கொஞ்சற மாதிரி அது ஒரு சொல்லு. பேரு கெடையாது. எங்க எலப்புள்ளியில தவழற குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாம ஒரே ஒரு ஆளு இருந்தாரு. அந்தப் புண்ணியவானைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

எம்பேரு காளியாத்தா. எழுதும்போது கடைசியில ஒரு 'ள்' போட்டுக்கணும். எங்கய்யன் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாருன்னு அண்ணனுக்குக் காளிச்சாமி, எனக்குக் காளியாத்தாள்னு, ஒரே பேரை ரெண்டாக் கிழிச்சுப் பங்கு வெச்சுட்டாரு. ரேசன் கார்டுல இருக்குதே ஒழிய, அந்தப் பேரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஊட்டுக்குள்ள அம்மிணி, வெளிய காளிச்சாமி தங்கச்சி. எனக்கும் அதுல ஒரு குறையும் இருந்ததில்லை, அந்த லாரி வந்து நிக்கற வரைக்கும்.

அது எமர்ஜென்சிக்கு முந்தின வருசம். வாளையார் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமா எங்க மாமனுக்கு ஒரு தோட்டம் இருக்குது. கடலைக்காய் பறிச்சாங்கன்னா நானும் எங்கம்மாளும் ஒத்தாசைக்குப் போயி, காய் காயற வரைக்கும் அங்கத்த சாளையிலயே தங்கிக்குவோம். களத்துல காயைப் பரத்தி விட்டு, கையில ஒரு குச்சியை வெச்சுக்கிட்டு கோழி முடுக்கறதுதான் எனக்கு வேலை. வேகற வெயிலு. நெத்திக்கு மேல கையைக் கவுத்து வெச்சுக்கிட்டாத்தான் களத்தோட அக்கட்டாலக் கோடி கண்ணுக்குத் தெரியும்.

அப்பத்தான் தேயிலைப் பெட்டி ஏத்தின லாரி ஒண்ணு, கொச்சியில இருந்து கோயமுத்தூருக்குப் போறது, எங்க களத்துக்கு எதுக்கால வந்து ஆக்ஸில் ஒடிஞ்சு படுத்துருச்சு. மொக்கையன்னு ஒரு டிரைவரு, சாமான் வாங்கிட்டு வாரேன்னு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினவரு ஒரு வாரத்துக்கு மேல ஆளையே காணோம். பெட்டிக்குக் காவலா கிளீனரை விட்டுட்டுப் போயிருந்தாரு. அந்தக் கிளீனருதான் பிச்சைமணி. சூரியநெல்லி எஸ்டேட்டுக்காரரு. ஒல்லியா, கருகருன்னு, நாங்க வெந்து சாகற அந்த வெயில்ல கழுத்தச் சுத்தி ஒரு மப்ளரு! நானும் எங்கம்மாளும் அதைப் பாத்துட்டு முந்தானையை வாயில வெச்சுச் சிரிச்சோம்.

மனுசன் லாரி மேல ஏறி, தார்ப்பாய் மேல உக்காந்து, ஒரு கித்தாரை மடியில வெச்சுக்கிட்டுப் பாடுவாரு. எஸ்டேட் பாக்டரியில கரண்ட் வேலை பாத்த சுவக்கீன்னு ஒருத்தரு, மாதா கோயில்ல வாசிச்சுப் பழசாப் போன கித்தாரை இவருக்குக் குடுத்து, வாசிக்கவும் சொல்லிக் குடுத்திருக்காரு. சினிமாப் பாட்டா இருக்கும்னு காதைத் தீட்டிக் கேட்டேன், ஒண்ணும் புடிபடலை. எல்லாம் அவரே கட்டுன பாட்டு. ரோட்டுல எரும போனா எருமைக்கு ஒரு பாட்டு, பனமரத்துல காத்தடிச்சா அதுக்கு ஒரு பாட்டு. கத்தற பாட்டு இல்லீங்க. பக்கத்துல உக்காந்து நம்மகிட்டப் பேசற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் நான் மெய்மறந்து நின்னுட்டேன் போல. எங்கம்மா சாளைக்குள்ள இருந்து தொண்டை கிழியக் கத்துனா: "அம்மிணி! ஏ அம்மிணி! கோழி மேயுது பாரு, எங்க பராக்குப் பாக்கறே?"

லாரி மேல பாட்டு நின்னுபோச்சு. அடுத்த நாள் காலையில ஒரு டின்னைத் தூக்கிக்கிட்டு மோட்டார் ரூமுக்கு வந்தாரு. நான் மொறத்துல காயைப் பொடைச்சுக்கிட்டு இருந்தேன்.

"அம்மிணி, கொஞ்சம் தண்ணி புடிச்சுக்கிடட்டா?"

நீங்களே சொல்லுங்க, ஒறம்பரை சொந்தம் இல்லை, ஊர்க்காரன் இல்லை, மீசை மொளைச்ச ஆம்பளை ஒருத்தன் எடுத்த எடுப்புல அம்மிணின்னு கூப்பிட்டா ஒரு பொண்ணு என்னன்னு எடுத்துக்குவா? வேற எவனாச்சும்னா மொறத்தாலயே ஒண்ணு வெச்சிருப்பேன். ஆனா இவரு கேலியாவும் சொல்லலை, கொழுப்பாவும் சொல்லலை. ஒவ்வொரு எழுத்தையும் பத்திரமா எடுத்து வெச்சுச் சொன்னாரு. இருபது வருசமா நான் கேட்டு வளந்த சொல்லு, அன்னைக்குத்தான் புதுசாக் கேட்ட மாதிரி நெஞ்சுக்குள்ள எறங்குச்சு. "புடிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

பொறவு தெனம் தண்ணிக்கு வருவாரு. எங்கம்மா எட்ட இருந்து ஒரு கண்ணை இங்கதான் வெச்சிருப்பா. ஆனாலும் ரெண்டு வார்த்தை பேசிக்குவோம்.

"எங்க ஊருக்கு சூரியநெல்லின்னு பேரு. பேர்லதான் சூரியன் இருக்கு அம்மிணி. மழையும் மஞ்சும் புடிச்சுச்சுன்னா மாசக் கணக்குல வெயிலக் கண்ணால பாக்க முடியாது. கொழுந்தெடுக்கிற பொம்பளைக சாக்கைப் போத்திக்கிட்டு நிப்பாக. எங்கம்மா துணி தொவச்சு அடுப்புக்கு மேல காயப் போடும். எங்க சட்டையெல்லாம் பொகை வாடைதான்." அப்படிச் சொல்லிட்டு எங்க களத்தைப் பாத்தாரு. "இங்கன எம்புட்டு வெயிலு. இம்புட்டையும் தரையில கொட்டி வச்சிருக்கீக."

"வெயிலைப் போயி யாராச்சும் மெச்சுவாங்களா? இங்க அது மண்டையைப் பொளக்குது"ன்னேன்.

"ஒரு மொறம் வெயிலு எனக்குக் குடுத்துவிடுங்க. ஊருக்குக் கொண்டு போறேன்."

"லாரி காலியாத்தானே திரும்பி வரும்? ஏத்திக்கிட்டுப் போங்க, யாரு வேண்டாங்கறாங்க."

சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நெனச்சா இன்னைக்கும் எனக்கும் தானாச் சிரிப்பு வந்துரும். வெக்கமென்ன இதுல, இருக்கறதைத்தானே சொல்றேன்.

சாமான் வந்துருச்சு. லாரியைத் தூக்கி நிறுத்திட்டாங்க. பொறப்படற அன்னைக்கு வெறும் டின்னைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு. "நான் மெட்ராசுக்குப் போயி ஒரு ரிக்கார்டு போடப் போறேன். சினிமாப் பாட்டு இல்ல. எம்பாட்டு. ரெண்டு பக்கமும் எம்பாட்டு. அதுல நீங்க இருப்பீக அம்மிணி. உங்க சொந்த ஊரு எதுங்க?"

"எலப்புள்ளி"ன்னேன்.

லாரி போயிருச்சு. அன்னைக்குப் பொழுதோட காயை மூட்டை புடிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. ஊரைக் கேட்ட மனுசன் பேரைக் கேக்கவே இல்லையே! கூச்சமா இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வருசம் போல இருக்கும். எங்கண்ணன் காளிச்சாமி சாயாக்கடையில இருந்து வந்தவன், சோத்துல கையை வெச்சுக்கிட்டே சிரியோ சிரின்னு சிரிக்கறான்.

"என்னடா கெரகம்?"ன்னு எங்கம்மா கேட்டா.

"ஒரு கிறுக்கன் வந்தானுங்கம்மா. மப்ளரு கிப்ளரெல்லாம் போட்டுக்கிட்டு. அம்மிணி வீடு எதுங்கன்னு கேக்கறான். எந்த அம்மிணின்னு கடையில கேட்டாங்க. அம்மிணிதாங்க, எலப்புள்ளி அம்மிணிங்கறான். இந்த ஊர்ல ஊட்டுக்கு மூணு அம்மிணிடா, எதைக் காட்டறதுன்னு எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. அவனுக்கு ஒரு எழவும் புரியலை. பேரே அம்மிணிதாங்க, அவுகம்மா அப்படித்தாங் கூப்பிட்டுச்சுன்னு நிக்கறான். கடைசியில ரேசன் கடைக்காரரு சம்சாரம் இருக்குதே, மலையாளத்தம்மா, அதும் பேரு நெசமாவே அம்மிணிதானே, அங்க தாட்டி விட்டுட்டாங்க. அந்தம்மா கதவத் தொறந்து, ஞானா அம்மிணி, எந்தா காரியம்னு கேட்டிருக்குது. அம்பது வயசு! அவன் மூஞ்சியைப் பாக்கோணுமே!"

எங்கம்மா சிரிச்சா, எங்கய்யன் சிரிச்சாரு. நான் சோத்துச் சட்டியை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயி சொவத்துல சாஞ்சு நின்னுட்டேன்.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எஸ்டேட்டுல மலையாளத்துக்காரங்க பொண்ணுகளுக்கு அம்மிணின்னு பேரு வெக்கறாங்க. அதே மாதிரி இதையும் என் பேருன்னே நெனச்சிருக்காரு மனுசன்! நான் கொஞ்சறாருன்னு நெனச்சு உருகி நின்னேன், அவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. அட கெரகமே, எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அவர் மேலயா, எம்மேலயா, அந்தச் சாயாக்கடை மேலயான்னு தெரியலை. ஆனா கோவத்துக்கு அடியில இன்னொண்ணு இருந்துச்சு. தேடிக்கிட்டு வந்திருக்காரு. மலையை எறங்கி, பஸ் மாறி, ஊர் பேரு ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டு என்னைத் தேடிக்கிட்டு வந்திருக்காரு. பத்து ஊடு தள்ளி நான் அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். மாமன்கிட்டக் கேட்டிருந்தா மாமன் இவரு முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு, அதனால அங்க கேக்கலை. ஊருக்குள்ள கேட்டாரு, ஊரு சிரிச்சு அனுப்பிருச்சு.

எமர்ஜென்சி முடிஞ்ச வருசம் அந்த ரிக்கார்டு வந்துருச்சு. மைக் செட் வெச்சிருக்கற அர்த்தநாரி கோயமுத்தூருக்குப் போனவரு வாங்கிட்டு வந்து, எங்க மாரியம்மன் நோம்பிக்குப் போட்டாரு. நான் மாவிளக்கு இடிச்சுக்கிட்டு இருந்தேன். மொதல் கித்தாரு விழுந்ததுமே உலக்கை நின்னுபோச்சு.

"நெத்தியில கைய வச்சு
என்னத்தப் பாக்குற அம்மிணி,
மஞ்சு மூடுன மலைக்கு நீ
ஒரு மொறம் வெயிலு தா அம்மிணி..."

தவுலு இல்லை, டமாரம் இல்லை. ஒரு கித்தாரு, ஒரு புல்லாங்குழலு, நடுவுல யாரோ சொடக்குப் போடற சத்தம், அவ்வளவுதான். அந்த ரிக்கார்டுல பாதிப் பாட்டு அப்படித்தான். எருமைப் பாட்டு இருந்துச்சு, பனமரத்துப் பாட்டு இருந்துச்சு, லாரி மேல படுத்துக்கிட்டு வானம் பாக்கற பாட்டு இருந்துச்சு. எல்லாத்துலயும் வெயில் அடிச்சுது. மண்டையைப் பொளக்கற எங்க வெயிலு அந்தப் பாட்டுக்குள்ள போயி எப்படி அத்தனை இதமா மாறுச்சுன்னு எனக்கு வெளங்கவே இல்லை. அட்டை மஞ்சக் கலரு. மேல 'ஒரு முறம் வெயில்'னு பேரு.

ஊரு கெடந்து கூத்தாடுச்சுங்க. கொழிஞ்சாம்பாறையில இருந்து பொள்ளாச்சி வரைக்கும் எந்தக் கண்ணாலத்துல பாத்தாலும் அந்தப் பாட்டுத்தான். பெத்தவ மகளைக் கூட்டியாரும்போது போடறாங்க, சீர் வெக்கும்போது போடறாங்க. பாருடா, நம்ம பேச்சை எடுத்துப் பாட்டுக் கட்டியிருக்கான்னு பெருமை வேற. எல்லாப் பொண்ணுகளும் அது தனக்குத்தான்னு தலையை ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சாளுக. அது அவங்களுக்கு இல்லைடி, எனக்குன்னு நான் யார்கிட்டச் சொல்ல? அந்தச் சொல்லு உலகத்துல எல்லாருக்கும் பொது, ஒரே ஒரு மனுசன் வாயில மட்டும் அது என் பேரு. இதைச் சொன்னா யாரு நம்புவா?

மூணு வருசமா வந்த மாப்பிள்ளையை எல்லாம் நான் தட்டிக் கழிச்சுட்டே வந்தேன். ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லை, ஒருத்தன் ஊர்ல தண்ணி உப்பு. கடைசியில சென்னியப்பன்னு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாப்பிள்ளை. குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. எங்கம்மா என்னை உக்கார வெச்சுக் கண்ணுல தண்ணி விட்டா. சரின்னுட்டேன். தை மாசம் முகூர்த்தம்.

ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிச்சைமணியைக் கட்டிக்கோணும்னு நான் கனாக்கூடக் கண்டதில்லை. எங்க ஊட்டுல அதை வாயைத் தொறந்து சொல்லியிருந்தா வெட்டுக் குத்துத்தான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. களத்துல நின்னவ நாந்தான், எம்பேரு இது, நீங்க தேடி வந்தது எனக்குத் தெரியும். இவ்வளவும் கழுத்துல தாலி ஏறறதுக்கு முன்னாடி அந்த மனுசனுக்குத் தெரியோணும். அதுக்கு மேல ஒரு மண்ணும் வேண்டாம். ஆனா அது தெரியாமப் போச்சுன்னா, சாகற வரைக்கும் அந்தப் பாட்டை என்னால கேக்க முடியாது. பாட்டோ தெருவுக்குத் தெரு ஓடுது.

கூறைச் சீலை எடுக்கறதுக்குப் பாலக்காட்டுக்குப் போயிருந்தோம், நானும் அண்ணனும். கடை வாசல்ல அர்த்தநாரியைப் பாத்தோம், மைக் பெட்டியை வண்டியில ஏத்திக்கிட்டு நின்னாரு. "ஏனுங்க காளிச்சாமி, தெரியுமா உங்களுக்கு? அந்த மொறம் வெயில் பாட்டுக்காரன் வந்திருக்கானுங்க. பள்ளிக்கூடத்து ஹால்ல மத்தியானம் பாட்டுப் பரிபாடி. என் மைக்குத்தான்!"

எங்கண்ணனுக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. சாயாக்கடையில தான் சிரிச்சு அனுப்புன கிறுக்கன் இவருதான்னு அவனுக்கு எங்க தெரியும்? "சித்த நேரம் கேட்டுட்டுப் போலாம் அம்மிணி"ன்னான். சீலைப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவன் பின்னால நடந்தேன். கால் தரையில பாவலை.

மப்ளரு இல்லை. வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தாரு. ஆனா அதே தொண்டை, அதே சிரிப்பு. ஹாலு நெறைய எங்க பக்கத்துப் பொண்ணுக, காலேஜுப் பொண்ணுக. மொத வரி பாடுனதும் கை தட்டு. நான் கடைசி வரிசையில உக்காந்து முந்தானையைக் கசக்கிக்கிட்டு இருந்தேன்.

பாட்டு முடிஞ்சு வெளிய வராந்தாவுல ஒரு மேசை போட்டாங்க. ரிக்கார்டு வாங்கறவங்களுக்கு அட்டையில அவங்க பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாராம். எங்கண்ணன் ஒண்ணு வாங்கி என் கையில குடுத்து, "நீ போயி எழுதி வாங்கிட்டு வா, நான் பஸ் பாக்கறேன்"னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கம் போயிட்டான். வரிசையில நின்னேன்.

முன்னால நின்ன பொண்ணு அட்டையை நீட்டுனா. "யாரு பேருக்குங்க?"ன்னாரு.

"அம்மிணிக்குன்னு எழுதுங்க!" அவ தோழிக கெக்கெக்கேன்னு சிரிச்சாளுக.

அவரு வெடுக்குனு தலையைத் தூக்கி அவ மூஞ்சியைப் பாத்தாரு. ஒரு நொடிதான். அப்புறம் அந்த மூஞ்சியில இருந்த வெளிச்சம் எறங்கிப் போச்சு. குனிஞ்சு எழுதிக் குடுத்தாரு. அடுத்தவ வந்தா. "எனக்கும் அம்மிணிக்குத்தான்!" மறுபடியும் தலையைத் தூக்கறாரு, தேடறாரு, குனியறாரு. அதுக்கடுத்தவளும் அதே. அவளுகளுக்கு அது வெளையாட்டு. எனக்கு அங்கயே நின்னு ஒவ்வொருத்தி கன்னத்துலயும் ஒண்ணு விடலாம் போல இருந்துச்சு. இத்தனை பாட்டு, இத்தனை ஊரு, இன்னும் இவரு தேடறதை விடலையே சாமி!

நாந்தான் அம்மிணின்னு சொல்லத்தான் வந்தேன். மனசுக்குள்ள ஆயிரம் தடவை சொல்லிப் பாத்த பேச்சு அது. என் மொறை வரும்போது அந்தப் பேச்சை இவளுக எல்லாம் சேந்து எச்சிப் பண்ணிட்டாளுக. இனி நான் சொன்னாலும் இன்னொரு கேலிதான். தலையைத் தூக்குவாரு, சீலையும் பூவும் பவுடருமா ஒருத்தி நிப்பா, வரிசையில இன்னொண்ணுன்னு குனிஞ்சுக்குவாரு.

"யாரு பேருக்குங்க?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒட்டுக்கா வந்துச்சு. "காளியாத்தாள்"னு சொன்னேன்.

தலையைத் தூக்கலை. நம்பவே மாட்டீங்க, அத்தனை அம்மிணிக்கும் நிமுந்து பாத்த மனுசன், காளியாத்தாளுக்கு நிமுரலை. அவரு தேடறது அந்தப் பேர்ல இல்லையே, எதுக்கு நிமுரோணும்?

"கடைசியில ள் போடணுமாங்க?"

"போட்டுக்கங்க."

எழுதுனாரு. ஊதி மையைக் காய வெச்சாரு. "நல்ல பேரு"ன்னு அட்டையை நீட்டுனாரு, கண்ணு அதுக்குள்ள அடுத்தவ அட்டைக்குப் போயிருச்சு. நான் வாங்கிக்கிட்டு நடந்துட்டேன். படி எறங்கி, வெயில்ல எறங்கி, மைதானத்துல பாதி தூரம் வந்துட்டேன். வாயில என்ன கொழுக்கட்டையாடி வெச்சிருந்தேன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். மூணு வருசம் காத்திருந்ததுக்கு இதுதானா? கடைசியா ஒரு தடவை பாத்துக்கலாம்னு திரும்புனேன்.

பொழுது ஹாலுக்குப் பின்னால எறங்கிக்கிட்டு இருந்துச்சு. நேரா கண்ணுல அடிச்சுது. ஒண்ணும் தெரியலை. சீலைப் பை ஒரு கையில. இன்னொரு கையில இருந்த ரிக்கார்டு அட்டையை நெத்திக்கு மேல வெச்சுக்கிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பாத்தேன்.

அந்த நேரம் பாத்து எங்கண்ணன் கேட்டுல இருந்து கத்துனான்: "அம்மிணி! பஸ் வந்துருச்சு, ஓடியா அம்மிணி!"

மைதானத்துல நின்ன அத்தனை பொண்ணுகளும் சத்தம் வந்த பக்கம், ரோட்டுப் பக்கம் திரும்புனாளுக. வராந்தாவுல அவரு நிமுந்தாரு. பின்னந்தலையாத்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும், அத்தனையும் பூ வெச்ச பின்னந்தலை. நான் ஒருத்திதான் அவரைப் பாத்துக்கிட்டு நின்னேன், நெத்தியில கையோட.

நாற்காலி பின்னால விழற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுட்டாரு. வாயைத் தொறந்தாரு. அம்மிணின்னுதான் கூப்பிடப் போறாருன்னு நெனச்சேன். அவரு என் கையில இருந்த அட்டையைப் பாத்தாரு. அன்னைக்கு அம்மிணின்னு இல்லாம அவரு எழுதுன பேரு அது ஒண்ணுதானே.

"காளியாத்தா!"

ஒருத்தியும் திரும்பலை. அந்தக் கூட்டத்துல அந்தப் பேருக்கு நான் ஒருத்திதான்.

"ஏனுங்க?"ன்னேன். எங்க ஊர்ல கூப்பிட்டா அப்படித்தான் கேப்போம்.

மேசையச் சுத்தி ஆளு. கேட்டுல எங்கண்ணன். நடுவுல அவ்வளவு பெரிய மைதானம். அவரு மேசையைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. என் கையில இருந்த சீலைப் பையையும் பாத்தாரு, சிவப்புல கூறைச் சீலை வெளிய தெரிஞ்சுது. புரிஞ்சுக்கிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது.

"வெயிலா இருக்கு"ன்னாரு. "பாத்துப் போங்க காளியாத்தா."

"சரிங்க"ன்னேன்.

பஸ்ஸுல எங்கண்ணன் கேட்டான், "உம்பேரு அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத்தானே எழுதி வாங்குனேன்"ன்னேன். அட்டையை மடியில கவுத்து வெச்சுக்கிட்டு, வாளையார் பக்கமா ஓடற மலையைப் பாத்துக்கிட்டே வந்தேன். அழுதேன். காத்துல தூசின்னு சொன்னா நம்பிட்டான்.

இது நடந்து ரெண்டு வருசம் ஆச்சு. எங்க ஊட்டுக்காரரு நல்ல மனுசன், ஒரு குறை சொல்ல மாட்டேன். போன நோம்பிக்கு ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கிட்டு வந்து வெச்சாரு. பொழுதோட கை கால் கழுவிக்கிட்டு வந்து உக்காந்தா, "அந்த வெயில் பாட்டைப் போடு அம்மிணி"ம்பாரு. நான் போடுவேன். அவரும் கூடவே பாடுவாரு, என்னைப் பாத்து, தலையை ஆட்டி ஆட்டி. அம்மிணிங்கற எடத்துல கையை என் பக்கம் நீட்டுவாரு. எனக்கு சிரிப்பு வரும், மூஞ்சியையும் திருப்பிக்குவேன். என் முழுப் பேரைச் சொல்லி இந்த ஊட்டுலயும் யாரும் கூப்பிடறதில்லை.

நேத்து கேட்டாரு, "இத்தனை பாட்டுப் பாடியிருக்கானே, யாரா இருக்கும் அம்மிணி, அந்த அம்மிணி?"

"ஊர்ல ஆயிரம் அம்மிணி. எந்த அம்மிணியோ, யாரு கண்டா?"ன்னு சொல்லிட்டு, ரிக்கார்டைத் திருப்பிப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.